அறிவித்தல் வேறு; அறியச்செய்தல் வேறு!

தி.பி. 2055ஆம் ஆண்டு (2024) நவம்பர் 30ஆம் நாள் மாலை புதுச்சேரிக்கருகே கரையேறத் தொடங்கிய புயல், கரையைத் தொட்ட பின்னும் விரைந்து நகராமல் நெடுநேரம் அங்கேயே நின்று பெய்தது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. பின்னர் வலிவிழந்து மேற்கே சென்ற அதன் எச்சம், கிருட்டிணகிரி மாவட்டத்து ஊற்றங்கரையிலும் அதே அளவிற்குக் கொட்டித் தீர்த்தது. அப்பக்கத்து வெள்ளம் பாம்பாற்றின் வழியே தென்பெண்ணையிற் கலந்து சாத்தனூர் அணைக்குள் பாய்ந்தது. திசம்பர் 2ஆம் நாள் விடியுமுன் அவ்வணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் ஆகிய நான்கு மாவட்டங்களின் ஆற்றங்கரை ஊர்கள் வெள்ளத்தில் தத்தளித்தன.

நீர் வடியுமுன்னரே சொற்போர் தொடங்கிற்று. முன்னறிவிப்பின்றி நள்ளிரவில் அணையைத் திறந்துவிட்டனர் என்றன எதிர்க்கட்சிகள். ஐந்து முறை எச்சரிக்கை விடுத்த பின்னரே திறந்தோம் என்றது அரசு. இரண்டில் எது மெய் என்று தீர்ப்புரைக்க நாம் வரவில்லை. இரண்டும் மெய்யாகவே இருத்தல் கூடும் என்பதே நம் அச்சம். அலுவலகத்திலிருந்து எச்சரிக்கை புறப்பட்டிருக்கும்; ஆற்றங்கரைக் குடிசையில் உறங்கியவனை அது எட்டியிராது. எட்டியிருந்தாலும் அவனுக்கு அதன் பொருள் விளங்கியிராது. அறிவித்தல் வேறு, அறியச்செய்தல் வேறு. முன்னது தாளில் கையொப்பமிட்டவுடன் முடிந்துவிடும். பின்னதோ, கேட்டவன் எழுந்து, பிள்ளைகளையும் மாடுகன்றுகளையும் ஓட்டிக்கொண்டு மேட்டுக்குச் சென்று சேர்ந்த பின்னரே முடியும்.

சங்கராபுரத்திலிருந்து கடல் ஏறத்தாழ 60 கல் தொலைவு. புயலெச்சரிக்கை என்றால் அது கடலூர் மீனவர்க்கு என்றே இங்குள்ள உழவர் நெடுங்காலம் எண்ணி வந்தனர். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கல்வராயன் மலைமீது மோதி மேலெழுந்து குளிர்ந்து பெருமழையாகும். கோமுகியும் மணிமுத்தாறும் அம்மலையிற் பிறந்து நம் வயல்களுக்கு வருவன. வடக்கே மூங்கில்துறைப்பட்டின் பக்கமாகச் சாத்தனூர் நீர் இறங்குகிறது. கடற்கரைக்கு விடுக்கும் எச்சரிக்கை இம்மலையடிவாரத்திற்கும் உரியது என்பதைத் தி.பி. 2055ஆம் ஆண்டின் வெள்ளம் நமக்குக் கற்பித்துச் சென்றது.

அவ்வெச்சரிக்கை எம்மொழியில் வருகிறது? தொலைக்காட்சியைத் திறந்தால் 'ரெட் அலர்ட்', 'ஆரஞ்சு அலர்ட்', 'எல்லோ அலர்ட்'! தமிழ்நாட்டில், தமிழனுக்கு, தமிழன் படிக்கும் செய்தி இது. அந்நிறங்களின் பொருள் எளியது. பச்சை என்றால் கேடில்லை. மஞ்சள் என்றால் விழித்திரு. செம்மஞ்சள் என்றால் அணியமாயிரு. சிவப்பு என்றால் உடனே செயற்படு. இந்நான்கு தொடர்களையும் நம் சிற்றூர்க் கிழவி ஒருமுறை கேட்டால் மறக்கமாட்டாள். ஆனால் அவளுக்கு எவனும் இவற்றைச் சொல்லவில்லை. 'அலர்ட்' என்று அலறுவதே எச்சரிக்கை என எண்ணிக்கொண்டிருக்கின்றனர்.

நடுவணரசின் கைப்பேசிச் செயலிகளின் பெயர்களைப் பாருங்கள்: வானிலைக்கு 'மௌசம்', உழவர்க்கு 'மேக்தூத்', மின்னலுக்கு 'தாமினி', பேரிடர்க்குச் 'சச்சேத்'. இடி விழும் நேரத்தில் இவற்றுள் எதைத் திறப்பதென்று மலையாளி முதியவர் எவ்வாறு அறிவார்? தில்லியை மட்டும் குறைகூறிப் பயனில்லை. தமிழ்நாட்டரசு தானே உருவாக்கிய செயலிக்குச் சூட்டிய பெயரும் 'டிஎன் அலர்ட்' என்னும் ஆங்கிலமே. உள்ளே தமிழிற் செய்தி வருகிறது. வாயிற்பலகை மட்டும் அயன்மொழி! சென்னை வானிலை நடுவம் தமிழிலும் அறிக்கை விடுகிறது. அதனை மறைக்க மாட்டோம். 1875இல் தோன்றி 150 ஆண்டு கண்ட ஒரு துறை, மக்கள்மொழியைத் தன் முதன்மொழியாகக் கொள்ளாமல் பெயர்ப்பு மொழியாக மட்டும் வைத்திருப்பதையே நாம் கண்டிக்கிறோம்.

தமிழால் இது முடியுமா என்று ஐயுறுவார் இன்றும் உளர். 'காற்றழுத்தத் தாழ்வு' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். வானொலி அதனை நாள்தோறும் ஒலித்தது. இன்று தேநீர்க் கடையில் அமர்ந்திருப்பவரும் 'தாழ்வு உருவாகியிருக்கிறது, மழை வரும்' என்கிறார். நம் உடன்பிறப்பு மொழியாகிய மலையாளத்து மீனவர், காற்றும் மழையுமின்றித் திடீரெனக் கரைமீது ஏறும் பேரலையைக் 'கள்ளக்கடல்' என்றனர். எங்கோ தென்பெருங்கடலிற் புயல் கிளப்பிய அலை, பன்னாள் பயணம் செய்து, இங்கே அமைதியாக இருக்கும் கரையைத் திருடனைப்போல் வந்து தாக்குகிறது. அச்சொல்லையே 2012இல் உலக நாடுகளின் யுனெசுகோ அமைப்பும் அறிவியற் சொல்லாக ஏற்றது. மீனவனின் சொல்லை உலகம் ஏற்கிறது. உள்ளூர்த் தொலைக்காட்சி ஏற்கவில்லை!

சொல் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் அக்கடலே சான்று. 2024 மே திங்களிற் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாள்களில், 6ஆம் நாள் குமரி மாவட்டக் கடற்கரைக்குச் சென்ற, மருத்துவம் பயின்ற இளையோர் ஐவரை அலை இழுத்துச் சென்றது. எச்சரிக்கை இருந்தது, அது கரையில் இறங்கும் காலடிகளைத் தடுத்து நிறுத்தவில்லை.

மொழி புறக்கணிக்கப்பட்டால் உயிர் எப்படிப் போகும் என்பதை ஈழ மண்ணும் காட்டிவிட்டது. தி.பி. 2056 (2025) நவம்பர் இறுதியில் 'திட்வா' புயல் இலங்கையைத் தாக்கி, வெள்ளத்தாலும் நிலச்சரிவாலும் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம் மக்கள் மண்ணுக்குள் புதைந்தனர். எச்சரிக்கைகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்த வேளையில், தமிழில் வாராமலும் காலந்தாழ்ந்தும் போயின என்ற குற்றச்சாட்டு அங்கே வலுவாக எழுந்தது. மொழியுரிமை என்பது மேடைப்பேச்சுக்கு உரியது என்று நகைப்பார்க்கு இதனினும் பெரிய விடை வேண்டா.

புயலாவது இரைச்சலோடு வருகிறது. வெப்பம் ஒலியின்றிக் கொல்கிறது. நம் மக்கள் கத்திரிவெயில் என்று மே 4 அளவில் தொடங்கி 28 அளவில் முடியும் நாள்களைக் கணக்கிடுவர். அது ஐந்திறக் கணக்கு. வெப்பம் அதற்குக் கட்டுப்படாது. பங்குனியிலும் அது தாக்கும். சமநிலத்தில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தொட்டு, இயல்பினும் 4.5 பாகை மிகுந்தால் அதனை வெப்ப அலை என்கிறது வானிலைத்துறை. 'இயல்பைவிட 3 பாகை மிகும்' என்று அறிவிக்கின்றனர். இயல்பு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? உடலைக் குளிர்விப்பது வியர்வை உலர்தல். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது, உள்வெப்பம் ஏறும். பேச்சுக் குழறி, அறிவு மயங்கி, உடல் தீயாய்க் கொதித்தால் அது வெப்பத்தாக்கு. உடனே நிழலிற் கிடத்தி, உடலெங்கும் நீரூற்றி விசிறி, மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தல் வேண்டும். கரும்பு வெட்டுவோரும், செங்கற்சூளையில் வேகுவோரும், மரவள்ளி பறிப்போரும் அறியவேண்டியது இதுவே.

2024 அத்தோபரில் தமிழ்நாட்டரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெயிலால் இறந்தார் குடும்பத்திற்கு 4,00,000 உருபா என்றது. வரவேற்கிறோம். ஆயினும் இறந்தபின் கொடுக்கும் தொகையினும், இறக்காமற் காக்கும் ஒரு சொல் உயர்ந்தது அன்றோ?

கோடைவெயில் ஏறிய மாலைகளிற் கடற்காற்று உள்ளே வந்து மேலைச் சூட்டுக்காற்றோடு முட்டும்போது மலையோரத்தில் இடிமுகில் திரளும். மின்னலைக் கண்ட 30 நொடிக்குள் இடியோசை கேட்டால் அது 10 கி.மீ. எல்லைக்குள் இருக்கிறது என்று பொருள். வயலை விட்டு வீட்டுக்குள் செல்லவேண்டும், மரத்தடியில் நிற்றலாகாது. இதனைப் பள்ளிப்பிள்ளைக்குக் கற்பிக்க எவ்வளவு செலவாகும்?

எனவே நாம் கேட்பவை இவை. எச்சரிக்கை முதலிலேயே தமிழில் எழுதப்படல் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிப் பின்னர்ப் பெயர்த்தல் கூடாது. 'கன அடி' என்னும் கணக்கோடு, 'இன்ன ஊரில் இன்ன தெருவரை நீர் ஏறும்' என்பதும் சொல்லப்படல் வேண்டும். ஆற்றங்கரை ஊர்தோறும் வெள்ள அளவுகல் நடப்படல் வேண்டும். வெப்ப எச்சரிக்கை நாளில் ஊரக வேலைத்திட்டத்திலும் சூளையிலும் நண்பகல் 12 முதல் 3 மணிவரை வேலை நிறுத்தப்படல் வேண்டும்; அந்நாட் கூலி குறைக்கப்படலாகாது. தண்டோரா போடும் வழக்கம் 2022இல் நிறுத்தப்பட்டது. ஒரு குலத்தார் தலையிற் சுமத்திய இழிவு ஒழிந்தது நன்றே. அவ்விடத்தில் ஒலிபெருக்கி வண்டி ஓடுகிறதா? கைப்பேசி அலை எட்டாத கல்வராயன் மலையூர்களுக்கு யார் சென்று சொல்கின்றனர்? இதற்கு மாவட்ட ஆட்சி விடை கூறட்டும்.

ஆட்சி விடை கூறும்வரை நாம் கைகட்டி நிற்பதா? உணர்வுடைய தமிழ் இளைஞர்களே! உங்கள் ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு கரும்பலகை நிறுத்துங்கள். நாள்தோறும் வானிலை அறிவிப்பைக் கேட்டு, நிறத்தின் பெயரையும் அன்று செய்யவேண்டியதையும் நல்ல தமிழில் இரண்டே வரிகளில் எழுதுங்கள். எழுத்தறியாத முதியவர்க்கு வீடு தேடிச் சென்று சொல்லுங்கள். தொலைக்காட்சி நிலையத்தார்க்குக் கடிதம் எழுதி, 'சிவப்பு எச்சரிக்கை' என்று சொல்லக் கேளுங்கள். தூய தமிழ் புலவர்க்கு மட்டும் உரியது என்னும் பழிச்சொல், அத்தமிழால் ஓர் உயிர் பிழைக்கும் நாளில் தானே உதிர்ந்துபோகும். அடுத்த புயல் வருமுன் அப்பலகை நிற்கட்டும்!