ஏர் ரைபிளுக்கு எந்தக் காற்று? நைட்ரஜனே போதும்!

ஏர் ரைபிள் பழகுகிறவர்களிடம் எல்லாரும் கேட்கும் கேள்வி, "பஞ்சர் கடையிலேயே காத்து புடிச்சுக்கலாமே?" என்பதுதான். கார் டயருக்குள் இருப்பது சுமார் 2 பார் அழுத்தம். பத்து மீட்டர் போட்டி ரைபிளின் சிலிண்டர் கேட்பதோ 200 பார். நூறு மடங்கு! பஞ்சர் கடை கம்ப்ரசர் அந்தப் பக்கமே வராது.

சரி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இருக்கும் நமக்கு என்ன வழி?

முதலில் கைப்பம்பு. செலவு கம்மி, கரண்ட் வேண்டாம், உடற்பயிற்சி இலவசம் :-) சிக்கல் நம்ம ஊர் ஈரக்காற்று. 0.2 லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்ப 40 லிட்டர் காற்றை அடைக்க வேண்டும். 30 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் என்றால் அந்தக் காற்றில் ஏறக்குறைய 1 கிராம் தண்ணீர் இருக்கிறது. பம்பின் வடிகட்டி பிடித்தது போக மிச்சம் ரைபிளுக்குள் போகும். நாளாவட்டத்தில் துருதான். மின்சார கம்ப்ரசர் வாங்கினால் கைவலி மிச்சம். ஆனால் இழுப்பது அதே ஈரக்காற்றைத்தானே? நல்ல வடிகட்டிக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டும்.

அடுத்தது ஸ்கூபா சிலிண்டர். சுத்தமான, உலர்ந்த காற்று. ஆனால் அதை நிரப்பித் தரும் நீச்சல்காரர்கள் இருப்பது கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம். ஆவடியிலிருந்து அது ஊரின் மறுகோடி.

என் ஓட்டு நைட்ரஜனுக்கு. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் அதுதான். ஈரம் இல்லை, துரு இல்லை. தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருப்பதால் வாயு விற்பவரைத் தேடி அலையவும் வேண்டாம். நாலு பேர் சேர்ந்து ஒரு சிலிண்டர் எடுத்தால் பல மாதம் ஓடும்.

"அது 150 பார்தானே வரும்?" என்பார்கள். உண்மை. சாதாரண 47 லிட்டர் சிலிண்டரில் சுமார் 150 பார்தான். ஆனால் போட்டி ரைபிளுக்குள் ரெகுலேட்டர் இருக்கிறது. சிலிண்டர் சுமார் 70 பாருக்கு இறங்கும்வரை ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில்தான் போகும். 200 பாரில் 200 குண்டு சுடலாம் என்றால் 150 பாரில் சுமார் 120 சுடலாம். போட்டிக்கே 60 குண்டுதான். பயிற்சிக்கு இது போதாதா? இன்னொரு லாபம்: 300 பார் ஸ்கூபா சிலிண்டரில் கொஞ்சம் அசந்தால் ரைபிளில் அழுத்தம் எல்லை மீறிவிடும். 150 பார் சிலிண்டரில் அந்த பயமே இல்லை.

ஆனால் சில விஷயங்களில் விளையாடக் கூடாது மக்களே.

நைட்ரஜன் விற்கும் அதே இடத்தில் வெல்டிங்குக்கான ஆக்சிஜனும் இருக்கும். அதை மட்டும் ரைபிளில் ஏற்றவே கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜன் எண்ணெய், கிரீஸ் பட்டால் தானாகத் தீப்பிடித்து வெடிக்கும். ரைபிள் இருப்பது உங்கள் முகத்தருகே. தொழிற்சாலை ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு. நைட்ரஜன் சாம்பல் நிறம், கழுத்து மட்டும் கறுப்பு. நிறத்தைப் பாருங்கள், லேபிளையும் படியுங்கள். சந்தேகம் இருந்தால் வாங்காதீர்கள்.

சிலிண்டரில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியையும் பாருங்கள், ஐந்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது. பைக்கில் வைத்துக் கொண்டுவரும் வேலை வேண்டாம், சட்டப்படியே தடை. ஜன்னல் இல்லாத அறையிலும் வைக்காதீர்கள். நைட்ரஜனுக்கு மணம் கிடையாது. கசிந்தால் தெரியாது, மயக்கம்தான் வரும்.

ரைபிள் விலையே நம்மைப் போன்ற மாணவர்களை பாதி வழியில் திருப்பி அனுப்புகிறது. காற்றுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழித்தால்தான் சுடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கைப்பம்பு கட்சிக்காரர்கள் சண்டைக்கு வரலாம், நான் ரெடி!