பழைய டிரில்லிங் மெஷின்

1940இல் விமானத் தொழிற்சாலையும் 1953இல் எச்.எம்.டி.யும் தோன்றிய பெங்களூரில், ஓய்வுபெற்ற சகோதரர் ஒருவர் பழைய டிரில்லிங் மெஷினை வாங்கி, ஜீவனஹள்ளி வீட்டு மூலையில் நிறுத்திச் செப்பனிட விரும்புவது வியப்பன்று. அநேகர் முதலாவது வர்ணம் பூசுகின்றனர். வர்ணம் காத்திருக்கட்டும்! மின்னிணைப்பைத் துண்டித்து, ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாய்ச் சுற்றுங்கள். கரகரப்போ பக்கவாட்டில் ஆட்டமோ இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். வெடித்த பெல்ட்டை மாற்றுங்கள். பழைய இயந்திரங்கள் பலவற்றில் புல்லிக்கு மூடி இராது. பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அதைச் செய்து பொருத்தாமல் சுவிட்சைப் போடலாகாது. எர்த் கம்பியும் அவசியம். துளையிடும் இரும்பைக் கையால் பிடியாமல் வைஸில் இறுக்குங்கள். கையுறையோ வேண்டவே வேண்டாம். சுழலும் பிட் அதைப் பற்றினால் விரலையும் சேர்த்தே இழுத்துவிடும்.