ஆட்டம் பார்த்து இறப்பது நகைப்புக்குரியதன்று

2023 நவம்பர் 19. அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா தோற்றது. அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆந்திர இளைஞர் ஒருவர் மாரடைப்பால் இறந்ததாகச் செய்தி வந்தது. இத்தகைய செய்திகளுக்கு நம்மவர் மறுமொழி ஒன்றுதான்: “ஒரு மேட்சுக்காகவா உயிரை விட்டான்?” இந்த ஏளனத்தை மறுப்பதே இப்பதிவின் நோக்கம்.

ஒரு தனி மரணம் எதையும் நிறுவாது. ஆனால் எண்கள் உள்ளன. 2006இல் ஜெர்மனியில் கால்பந்து உலகக் கோப்பை நடந்தபோது மியூனிக் வட்டார மருத்துவர்கள் கணக்கெடுத்தனர். ஜெர்மனி ஆடிய நாள்களில் இதய அவசரநிலைகள் வழக்கத்தைப் போல் 2.66 மடங்கு; ஆண்களிடையே 3.26 மடங்கு. ஆட்டம் தொடங்கிய முதல் 2 மணி நேரத்தில்தான் உச்சம். 1998 ஜூன் 30 அன்று அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோற்ற இங்கிலாந்தில், அன்றும் அடுத்த 2 நாள்களும் மாரடைப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தோர் 25 விழுக்காடு மிகுந்தனர்.

இத்தாலிய ஆய்வொன்று இத்தகைய உயர்வைக் காணவில்லையே எனலாம். உண்மைதான். ஆட்டம் எல்லாரையும் தாக்குவதில்லை. பதற்றத்தில் அட்ரினலின் சுரக்கிறது. நாடியும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. தமனியில் ஏற்கெனவே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு அவ்வேளையில் கிழிந்தால் இரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. மியூனிக்கில் இதயத்தமனி நோய் உள்ளவர்களிடம் இவ்வுயர்வு 4 மடங்கு. ஆகவே இறப்பவன் பைத்தியக்காரன் அல்லன், நோயாளி. பெரும்பாலும் தன் நோயை அறியாத நோயாளி.

உணர்ச்சி வேறு, உடல் வேறு என்று தமிழ் ஒருபோதும் கருதியதில்லை. உள்ளத்து உணர்வு மெய்யில் வெளிப்படுவதை ‘மெய்ப்பாடு’ என்று பெயரிட்டு, அதற்கெனத் தனி இயலே வகுத்தது தொல்காப்பியம். அச்சமும் வெகுளியும் உவகையும் அங்கே எட்டு மெய்ப்பாடுகளுள் அடங்குவன. இறுதி ஓவரில் இம்மூன்றும் ஒருசேர உடலில் ஏறுகின்றன. அம்மொழியின் வாரிசுகளே ‘வெறும் டென்ஷன்’ என்று அதனைத் தள்ளுவது விந்தை.

எங்கள் ஸ்ரீராம்புரத்தின் நெருக்கமான சந்துகளில் இந்த ஏளனத்துக்கு விலையுண்டு. நெஞ்சு வலித்தால் இங்கே முதலில் கிடைக்கும் பெயர் ‘வாயு’. முதல் மருந்து சோடா. இரண்டாவது, “மேட்ச் முடியட்டும், போகலாம்” என்ற சொல். நகைப்புக்கு அஞ்சும் ஆண் வலியைச் சொல்வதில்லை. ஜெயதேவா போன்ற இதய மருத்துவமனை இதே நகரில் இருந்தும், நேரம் வீட்டுக்குள்ளேயே வீணாகிறது. மாரடைப்பில் இழக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசையின் இழப்பு.

நம் பதற்றத்தை விற்றுப் பொருளீட்டும் ஒளிபரப்பாளர்களுக்குப் பொறுப்பே இல்லையா? ‘இதயத்துடிப்பை எகிறவைக்கும் ஆட்டம்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். அது உண்மையிலேயே எகிறுகிறவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. திரைப்படத்தில் புகைக்கும் காட்சிக்கு எச்சரிக்கை கட்டாயம். இன்னிங்ஸ் இடைவேளையில் ஒரே வரி போதும்: நெஞ்சு இறுகினால், இடக்கையோ தாடையோ வலித்தால், வியர்த்துக் கொட்டினால், 108ஐ அழையுங்கள். கோடிகளுக்கு ஏலம்போகும் நொடிகளில் பத்தை இதற்கு ஒதுக்கினால் எவரும் ஏழையாகிவிடார்.

நோயுள்ளவர்கள் ஆட்டத்தைத் துறக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. மாத்திரையைத் தவறவிடாமல், மதுவும் புகையும் இன்றி, தனியே அல்லாமல் பாருங்கள். அருகில் ஒருவர் நெஞ்சைப் பிடித்தால் ஸ்கோரைப் பார்க்காதீர்கள், அவரைப் பாருங்கள்.