மீன் பிழைக்குமா? முதலில் அதைச் சொல்லுங்கள்!

நொய்யல் பாசன விவசாயப் பெருமக்களே!

1992-ல் பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாகிப் போனதும், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் நீங்கள் அறிந்த கதை. அதைத் திரும்ப எழுதப் போவதில்லை.

பேச்சுவார்த்தைக்குப் போகும்போதெல்லாம் நம்மிடம் ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். டி.டி.எஸ். 2100-க்குள், சி.ஓ.டி. 250-க்குள், எல்லாம் சரி என்கிறார்கள். அதிலே விஷம் எங்கே எழுதியிருக்கு? சி.ஓ.டி. என்பது தண்ணீரில் கலந்த கழிவைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேணும் என்கிற கணக்கு. வெல்லத்தைக் கரைத்தாலும் ஏறும், பூச்சிமருந்தைக் கரைத்தாலும் ஏறும். மீன் சாகுமா என்பதை அது சொல்லாது.

அதைச் சொல்ல வேறு வழி இருக்கிறது. மீனை 96 மணி நேரம், டாஃப்னியா என்ற நீர்ப்பூச்சியை 48 மணி நேரம் மருந்து கலந்த தண்ணியில் விட்டு, பாதி உயிர் போகிற அளவைக் கண்டுபிடிக்கிறார்கள். சோதிக்காத ரசாயனத்துக்கு, அது எண்ணெயில் எவ்வளவு சேரும், தண்ணியில் எவ்வளவு கரையும் என்று பார்த்துக் கம்ப்யூட்டரே கணித்துவிடும். கொழுப்பில் சேர்வது மீன் உடம்பிலும் சேரும் அல்லவா? நல்ல வித்தைதான்.

ஆனால் அந்தக் கணிப்பு பெரும்பாலும் ஒரு மருந்து, ஒரு தொட்டி சுத்தமான தண்ணி என்று போட்ட கணக்கு. ஆற்றில் சாயம், சோப்பு, உப்பு எல்லாம் சேர்ந்து வருகிறது. நம்ம வயலிலிருந்து வடிகிற பூச்சிமருந்தும் அதில் உண்டு, ஒளிப்பானேன்! இன்னொன்று, அசோ சாயங்களில் பல மீனை உடனே கொல்லாது, கணிப்பிலும் தப்பித்துக்கொள்ளும். காற்றுப் புகாத சேற்றில் கிடந்தால் அது உடைந்து அமின்களாக மாறும். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. தாயைச் சோதித்துவிட்டுப் பிள்ளையை விட்டுவிட்டால் எப்படி?

1986 சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளிலேயே, கலப்படமில்லாத கழிவுநீரில் 96 மணி நேரம் விட்ட மீனில் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைக்கணும் என்று இருக்கிறது. புதுச்சட்டம் எதுவும் நாம் கேட்கவில்லை. அந்தச் சோதனையை விவசாயிகள் முன்னால் செய்யுங்கள், அணைச் சேற்றையும் எடுத்து அமின் இருக்கிறதா என்று பாருங்கள், பட்டறையில் வாங்குகிற சாயங்களின் பட்டியலை வெளியிடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

மனு தயார். வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்கு ஊருக்கு ரெண்டு பேராவது கலெக்டர் ஆபீஸ் வந்து சேருங்க. கிணத்துத் தண்ணி ஒரு பாட்டிலில் கொண்டு வாங்க.