வாயோரத்தில் தொடங்கும் வலிப்பு

மொன்றியலின் மலைச்சரிவில் ஒரு தெருவுக்கு டாக்டர் பென்ஃபீல்ட் என்று பெயர். 1934இல் அந்த நகரில் நரம்பியல் நிறுவனத்தைத் தொடங்கியவர் வைல்டர் பென்ஃபீல்ட். மருந்துக்கு அடங்காத வலிப்புக்காரர்களை விழித்திருக்க வைத்தே மண்டையைத் திறந்து, மூளையை மின்முனையால் தொட்டுப் பார்த்தவர். எங்கே தொட்டால் விரல் அசைகிறது, எங்கே தொட்டால் நாக்கு மரத்துப்போகிறது என்று குறித்துக்கொண்டே போனார். 1937இல் எட்வின் போல்ட்ரியோடு அவர் வெளியிட்ட வரைபடத்தில் கைக்கும் முகத்துக்கும் வாய்க்கும் கிடைத்த இடம் மிகத் தாராளமானது.

கத்தியே தேவைப்படாத ஒரு வலிப்புக்கும் அந்த வரைபடம்தான் விளக்கம் தருகிறது. ரோலண்டிக் வலிப்பு என்பார்கள்; அந்த வரைபடத்தில் முகத்துக்கும் வாய்க்கும் உரிய பகுதியில் தொடங்குவது. பெரும்பாலும் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கு வரும். தூங்கிய சற்று நேரத்தில், அல்லது விடியப்போகும் வேளையில், வாயோரம் ஒரு பக்கமாக வெட்டி இழுக்கும். எச்சில் வழியும், தொண்டை கொரகொரக்கும். அம்மா கூப்பிடுவது காதில் விழும்; பதில் சொல்ல வாய் வராது. வழக்கமாக ஒன்றிரண்டு நிமிடத்தில் ஓய்ந்துவிடும். சிலருக்கு உடம்பு முழுக்கப் பரவும். அப்போது ஓடிவரும் பெற்றோர் பார்ப்பது கடைசிக் கட்டத்தை மட்டும்தான்.

அதனால்தான் மருத்துவர் துருவித் துருவிக் கேட்கிறார். முதலில் இழுத்தது எது? பிள்ளைக்கு நினைவு இருந்ததா? பயத்தில் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதைவிட, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கைபேசியில் படம் பிடிப்பது பயன் தரும். ஐந்து நிமிடம் தாண்டினால் 911.

அடுத்தது மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. இதிலும் மொன்றியலின் கை உண்டு. பென்ஃபீல்டின் சகா ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958இல் வெளியிட்ட முறைப்படிதான் இன்றும் மின்முனைகளை ஒட்டுகிறார்கள்: மூக்கின் மேல்முனையிலிருந்து பின்மண்டை மேடுவரை அளந்து, பத்து, இருபது சதவீத இடைவெளியில். தலை சின்னதோ பெரிதோ, இடம் மாறாது. இந்த வலிப்பைக் காட்டும் ரோலண்டிக் கூர் அலைகள் தூக்கத்தில் பெருகுவதால், முதல் நாள் இரவு பிள்ளையைக் குறைவாகத் தூங்கவைத்துக் கூட்டிவரச் சொல்வதுண்டு. (ஜனவரிப் பனியில் அது பெற்றோருக்கு வைக்கும் சோதனை.) வலிப்பே வராத சில பிள்ளைகளுக்கும் இதே அலைகள் தெரியும். ஆகவே ஈ.ஈ.ஜி. பதிவை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதில்லை.

கதையும் அலையும் ஒத்துப்போய், வளர்ச்சியும் உடல் பரிசோதனையும் சரியாக இருந்தால், எம்.ஆர்.ஐ. பல நேரம் தேவைப்படாது. எப்போதாவது வரும் வலிப்புக்குத் தினசரி மருந்தும் வேண்டாம் என்று பல மருத்துவர்கள் விட்டுவிடுவார்கள். பதினாறு வயதுக்குள் அநேகமாக எல்லாருக்கும் தானாகவே நின்றுவிடும்.

ஆனாலும் இந்த வலிப்புள்ள சில பிள்ளைகள் வாசிப்பிலும் கவனத்திலும் தடுமாறுகிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் ஆங்கிலம் என்று வளரும் மொன்றியல் தமிழ்ப் பிள்ளை வாசிப்பில் பின்தங்கினால், பழி மூன்று மொழிகளின் மேல் எளிதாக விழுந்துவிடும். பிள்ளையின் வலிப்பை ஆசிரியரிடம் மறைத்துவைக்கும் பெற்றோர், அந்தத் தவறான கணிப்புக்குத் தாங்களே வழிவிடுகிறார்கள்.