திருடாதவனுக்குப் பதக்கம் அல்ல இது

‘திருடாதவனுக்குப் பதக்கம் கொடுப்பீர்களா?’ கழிவைக் குறைக்கும் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் அரசு விருது வழங்குவதை எதிர்த்து எழுதியிருக்கும் நண்பரின் வாதம் முழுவதும் இந்த ஒற்றைக் கேள்வியின் மேல் நிற்கிறது. கேட்டவுடன் கைதட்டத் தோன்றும். செஞ்சியிலும் வல்லத்திலும் டீக்கடைப் பேச்சில் இப்போது இதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வி அடிப்படையிலேயே தவறு.

திருடாமல் இருப்பது சட்டத்துக்குக் கட்டுப்படுவது. அதற்கு யாரும் பதக்கம் கேட்கவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. கவரில் சாம்பார் கட்டித் தராத ஓட்டல்காரர் அந்தத் தடைக்குக் கட்டுப்படுகிறார், அவ்வளவுதான். ஆனால் வாடிக்கையாளர் பாத்திரம் கொண்டுவந்தால் முகம் சுளிக்காமல் ஊற்றித் தருகிறவர், பாத்திரம் இல்லாதவருக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு தூக்குவாளி கொடுக்கிறவர் இருக்கிறார்களே, அவர்களை எந்தச் சட்டம் அப்படிச் செய்யச் சொன்னது? நண்பரின் கணக்கில் இவர்களும் ‘திருடாதவர்கள்’ மட்டுமே. இது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

நம் வட்டாரத்துத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். செஞ்சி கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில், வந்து இறங்கும் நெல் அரிசி ஆலைக்குப் போகிறது. 100 கிலோ நெல் அரைத்தால் ஏறத்தாழ 20 கிலோ உமி. அதை பாய்லரில் எரித்தால் ஏறத்தாழ 4 கிலோ சாம்பல். நாளொன்றுக்கு எத்தனை மூட்டை அவிகிறது என்று பெருக்கிப் பாருங்கள். அந்தக் கருஞ்சாம்பல் பஞ்சைவிட லேசு. காற்று திரும்பினால் கொடியில் காயும் வேட்டியில் ஒட்டும், மாடியில் காயும் வடகத்தில் படியும். புழுங்கலுக்கு நெல் ஊறிய தண்ணீர் இன்னொரு தொல்லை. பழுப்பாக, புளித்த நாற்றத்தோடு, வெளியே விட்டால் வாய்க்காலில் தேங்கி நுரைக்கும்.

இந்தத் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் விட வேண்டும், புகையில் தூசைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது சட்டம். ஊறல் தண்ணீரை வடிகட்டி மறுபடி தொட்டிக்கே அனுப்பி, வெளியே போகும் அளவையே குறைக்கிற ஆலைக்காரர் சட்டத்தைத் தாண்டி ஒரு வேலை செய்கிறார். சாம்பலை மூடிய கொட்டகையில் சேர்த்து, ஏரிக்கரையில் கொட்டாமல் செங்கல் சூளைக்கு அனுப்புகிறவரும் அப்படித்தான். மாசைச் சுத்திகரிப்பது வேறு, மாசே உண்டாகாமல் பார்ப்பது வேறு. நண்பர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்.

அவருடைய தீர்வு, ‘அபராதம் போடுங்கள், அது போதும்.’ அபராதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போது போடுவதைவிடக் கடுமையாகப் போட வேண்டும். ஆனால் அதிகாரி அபராதம் எழுத வேண்டுமானால் முதலில் ஒரு குட்டை கெட்டிருக்க வேண்டும். கெடாத குட்டைக்குக் கோப்பு கிடையாது. சாம்பலைக் கரையில் கொட்டுகிறவனுக்கு லாரி வாடகை மிச்சம். கொட்டாதவனுக்குச் செலவு. இருவரின் அரிசியும் சந்தையில் ஒரே விலைக்குத்தான் போகிறது. இந்த அநீதியைச் சரிசெய்ய நண்பரிடம் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை.

அபராதத்தையும் வழக்கையும் மட்டும் நம்பி இருந்ததன் கதையை நொய்யல் ஆற்றில் பாருங்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982இல். பாசனத்துக்காக அந்த ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடித்தது 1992இல். சில ஆண்டுகளிலேயே அந்த அணை சாயக்கழிவு தேங்கும் தொட்டியானது. விவசாயிகள் நீதிமன்றப் படியேறி, ஏறி, கடைசியில் 2011 ஜனவரியில்தான் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குள் கிணறுகள் போயின, தென்னைகள் போயின. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சரிசெய்ய அரசு அறிவித்த வட்டியில்லாக் கடன் 200 கோடி ரூபாய். விருதுக்குக் கொடுக்கும் பணம் வீண் என்கிறார் நண்பர். அரசின் மஞ்சப்பை விருதில் வணிக நிறுவனங்களுக்கான மூன்று பரிசுகள் 10 லட்சம், 5 லட்சம், 3 லட்சம். மூன்றையும் கூட்டினால் 18 லட்சம். கெடுத்த பிறகு கோடிகளைக் கொட்டியதை எதிர்த்து ஒரு வரி எழுதாதவர், கெடுக்காதவருக்குக் கொடுக்கும் லட்சங்களைப் பார்த்து வயிறெரிகிறார்.

ஒரு இடத்தில் மட்டும் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. காசு கட்டினால் கேடயம் கொடுக்கும் தனியார் விழாக்கள் பெருகிவிட்டன. கழிவு நீரை இரவில் திறந்துவிட்டுப் பகலில் ‘பசுமை’ கேடயத்தோடு படம் எடுத்துக்கொள்ளும் முதலாளியைப் பார்த்தால் எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் அதிலிருந்து எல்லா விருதையும் ஒழி என்ற முடிவுக்கு எப்படி வந்தார்? கள்ளநோட்டு இருக்கிறது என்பதற்காக யாரும் ரூபாயை ஒழிப்பதில்லை. அறிவிக்காமல் போய்ச் சோதிக்க வேண்டும், பக்கத்துக் கிணற்று நீரை எடுத்துப் பார்க்க வேண்டும், பிறகு தவறினால் விருதைப் பறித்து அதையும் ஊரறியச் சொல்ல வேண்டும். கேட்டிருக்க வேண்டியது இவற்றைத்தான்.

சோதித்துத் தரம் பிரித்து ஊரறியச் சொல்லும் வேலையை இந்தோனேசியா 1995இல் செய்து காட்டியது. ஆலைகளுக்கு ஐந்து நிறம். சட்டத்தை நிறைவேற்றினால் நீலம், அதற்கு மேலே போனால் பச்சை, உச்சத்தில் பொன். குறைந்தால் சிவப்பு, ஒன்றுமே செய்யாவிட்டால் கறுப்பு. முதல் சுற்றில் 187 ஆலைகளைச் சோதித்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சட்டத்தை எட்டவில்லை. பச்சை வாங்கிய ஐந்தை மட்டும் முதலில் மேடையேற்றிப் பாராட்டினார்கள். மற்றவர்களுக்கு அந்த ஆண்டு இறுதிவரை அவகாசம் கொடுத்து, அதன் பிறகு பெயரை வெளியிடுவோம் என்றார்கள். அந்த அவகாசத்திலேயே கறுப்புப் பட்டியல் சுருங்கியது. நீலம் என்பது திருடாதவனின் நிறம், அதற்கு அங்கேயும் மேடை இல்லை. நண்பர் கேட்ட கேள்விக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது.

பாராட்டு, பாராட்டப்படுகிறவருக்காக மட்டுமல்ல. ‘இந்தத் தொழிலில் இதெல்லாம் கட்டுப்படியாகாது சார்’ என்று எல்லா முதலாளியும் சொல்வார்கள். அதே ஊரில், அதே தொழிலில், அதே லாபத்தில் ஒருவர் செய்து காட்டினால் அந்தச் சாக்கு செத்தது. அவரை மேடையேற்ற மறுப்பதால் யாருக்கு லாபம்? ஏரியில் கொட்டுகிறவனுக்குத்தான். அவனுக்கு வக்காலத்து வாங்குவது நண்பரின் நோக்கமாக இல்லாமல் இருக்கலாம், அவர் எழுத்து அந்த வேலையைத்தான் செய்கிறது.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இனி கூட்டம் கூடும், பார்சல் கூடும், குப்பையும் கூடும். சென்னையிலிருந்து யாராவது வந்து பார்த்துக்கொள்வார்கள் என்று உட்கார்ந்திருக்க நமக்கு நேரமில்லை. வல்லம் ஒன்றியத்து மக்களிடம் ஒரு வேண்டுகோள். அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்துக்குப் போங்கள். பாத்திரத்தில் ஊற்றித் தரும் கடை எது, சாம்பலை ஏரிக்கரையில் கொட்டும் ஆலை எது என்று இரண்டு பட்டியலையும் சபையில் வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்துவிட்டு வாருங்கள்.