வாசலில் நிற்பவருக்கு ஒரு சொல்

நோயாளரோடு துணைக்கு வருவோரின் 'திருப்தி'யை உலகெங்கும் வினாக்கொத்துகளால் அளக்கின்றனர். அளக்கட்டும். அவசர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நிற்பவர் வேண்டுவது ஒரு சொல். உள்ளே கிடக்கும் தாய்க்கு என்ன நேர்ந்தது, என்ன செய்கிறார்கள், இன்னும் எவ்வளவு நேரம் செல்லும்? இவற்றை அவருக்குச் சொல்வது யாருடைய கடமை?

கடும் நோயென்றால் வட மாகாணத்து மக்கள் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையையே, அவர்கள் வாக்கிற் பெரியாஸ்பத்திரியையே, நாடுகின்றனர். 1990 அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வடக்கிற்கு வந்தது, தரைவழி இலகுவாயிற்று. நெடுந்தீவாருக்கோ குறிகட்டுவான் வரை இன்றும் கடல். அக்கடலை நோயாளியின் தலையை மடியிற் தாங்கிக் கடந்தவர், எந்த ஆஸ்பத்திரி வாசலிலேனும் 'வெளியே நில்' என்ற ஏகவசனத்தைக் கேட்க நேர்ந்தால், அதற்கு யார் வெட்கப்படுவது?

ஆட்பற்றாக்குறை என்பர். மெய்தான். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் நாட்டைவிட்டே சென்றனர். எஞ்சியோரை நாம் பழிக்கவில்லை. 1987 ஒக்டோபர் 21, 22ஆந் திகதிகளில் இந்திய இராணுவம் பெரியாஸ்பத்திரியுட் புகுந்து சுட்டபொழுது, கடமையிலிருந்த வைத்தியரும் தாதியரும் நோயாளரோடு மாண்டனர். அவர்கள் வழிவந்த தொழிலை இழித்துரைக்க நமக்கு நாவெழாது. நாம் சாடுவது மௌனத்தையே ஒழுங்கெனக் கொள்ளும் நிருவாகத்தை.

அம்மௌனத்தின் விளைவைப் பாருங்கள். அவசரப் பிரிவில் முந்தி வந்தவருக்கு முதலிடமில்லை. ஆபத்து மிக்கவருக்கே முதலிடம். நீதியான முறை. ஆனால் அதை எடுத்துரைப்பார் இல்லையேல், பிந்தி வந்தவர் உள்ளே போவதைக் காணும் ஏழை, செல்வாக்கு வென்றதென்றே எண்ணுவார். (நம் சமுதாயத்தில் அப்படி எண்ணுவதற்கு அவருக்குப் போதிய அனுபவமும் உண்டு.) பின்னர் கூச்சல், அதனை அடக்கக் காவலாளி.

'சொன்னாலும் இவர்களுக்கு விளங்காது' என்னும் கனவான்களும் உளர். மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். அதற்கான நூல்களையும் தமிழாக்கினார். சத்திரசிகிச்சையே தமிழில் விளங்கிற்று. 'உங்கள் தகப்பனாருக்கு மாரடைப்பு, ஊசி போட்டிருக்கிறோம், இரண்டு மணித்தியாலம் பொறுங்கள்' என்பது விளங்காதா?

'இலவசந்தானே' என்பது இன்னொரு வாய்ப்பாடு. சவர்க்காரக் கட்டிக்கும் 18 வீத வரி கொடுப்பவர் யாசகரல்லர்.

நாம் கேட்பது இவ்வளவே: கதவடியில் ஒரு மேசை, இரவிலும் பகலிலும் அதிலே பொறுப்புள்ள ஒருவர். மணிக்கொரு தரம் அவர் உறவினரைப் பெயர் சொல்லியழைத்து நிலைமையைக் கூறட்டும். மரணச் செய்தியாயின், வைத்தியரே அவர்களைத் தனியிடத்துக்கு அழைத்து, இருத்திச் சொல்லட்டும். இதற்குப் புதுக் கட்டடம் எதுவும் வேண்டியதில்லை.